உப்புக்காற்றைத் தாங்கும் அம்பிளிபயர் பெட்டி: மண்கும்பான் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

றேடியோ வேலை யாழ்ப்பாணத்துக் கைகளுக்குப் பழகிய வேலை. 1990க்குப் பிறகு மின்சாரமும் இல்லாமல் பற்றரியும் கிடைக்காமல் இருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். இலங்கை வானொலியே பழம்பொருளில் பிறந்ததுதான். 1920களில் எட்வேட் ஹாப்பர் கொழும்பில் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டுதான் ஒலிபரப்பியைக் கட்டினார். ஆகவே அம்பிளிபயரைப் பாட வைப்பது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அதை வைக்கும் பெட்டியைப் பற்றித்தான் பேச்சு.

பண்ணைப் பாலத்தைத் தாண்டி அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று எங்கே குடியிருந்தாலும் கடல் நடை தூரத்தில்தான். சோளகம் அடிக்கும் மாதங்களில் யன்னல் கம்பியைத் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உள்நாட்டில் பல காலம் நிற்கிற தகரப் பெட்டி இங்கே இரண்டு மாரி தாண்டுவதே பெரிது. எந்த உலோகத்தை எடுத்தோம், எந்தத் தண்ணீரில் கழுவினோம், எந்த நேரத்தில் பெயின்ற் அடித்தோம் என்பவற்றில்தான் பெட்டியின் ஆயுள் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் பெரிய செலவில்லை.

1. புதிதாகச் செய்கிறவர்கள் 230 வோல்ற் மின்சாரத்தைப் பெட்டிக்குள் கொண்டுவர வேண்டாம். பழைய மடிக்கணினியின் 19 வோல்ற் அடப்ரர் அல்லது சூரிய மின்தகட்டில் ஏறும் 12 வோல்ற் பற்றரி வீட்டுப் பாட்டுக்குப் போதும். சிப்பின் எல்லையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிடிஏ2030 மொத்தம் 36 வோல்ற் வரை தாங்கும். டிபிஏ3116 போர்ட்டுக்கு 26 தான் உச்சம். டிடிஏ7297க்கு 18 வோல்ற்றே எல்லை என்பதால் அதற்கு 19 வோல்ற் அடப்ரரைக் கொடுக்கக் கூடாது.

2. கடையில் வெறும் பெட்டி வாங்குவதற்கு முன் வீட்டுக்குள்ளும் பழைய இரும்புக் கடையிலும் தேடுங்கள். பழுதான டிஷ் ரிவிப் பெட்டி சின்ன அம்பிளிபயருக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். மேலும் கீழும் காற்றுத் துளைகள், பின்பக்கம் சொக்கற்றுக்கு வெட்டிய இடங்கள் எல்லாம் ஏற்கெனவே உண்டு. பெரிய வேலைக்குப் பழைய டிவிடி பிளேயர், டெக் ஆகியவற்றின் கூடுகள் நல்லவை. கணினியின் பவர் சப்ளைப் பெட்டியும் உறுதியானது, ஆனால் அதை அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் பெரிய கபாசிற்றர்களில் 325 வோல்ற் வரை ஏறி நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் சில நேரம் அது இறங்காது. ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு, மீற்றரால் பார்த்து, பிறகு கை வையுங்கள்.

3. பிஸ்கற் ரின், பால்மாப் பேணி எல்லாம் வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகரம். அதில் ஒரு வசதி, ஈயம் நன்றாகப் பிடிக்கும். உள்ளே தடுப்பு வைக்கவோ கிறவுண்ட் வயரைப் பெட்டியோடு நேரே ஒட்டவோ 60 வாற் சோல்டரிங் அயன் போதும். ஆனால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெள்ளீயம் இரும்பை மூடி நிற்கும் வரைதான் காவல். கீறல் விழுந்தால், துளை போட்டால், அந்த இடத்தில் இரும்பே முதலில் அரிக்கப்படும், அதுவும் வெள்ளீயம் பூசாத இரும்பை விட வேகமாக. நாகம் பூசிய தகடு இதற்கு நேர்மாறு. வெட்டிய ஓரத்தில்கூடப் பக்கத்திலிருக்கும் நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். அதனால் பிஸ்கற் ரின்னில் செய்தால் ஒவ்வொரு துளையின் விளிம்புக்கும் சின்னத் தூரிகையால் பெயின்ற் தொட்டு விடுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் ரின்னை விட்டுவிட்டு நாகத்தகட்டுக்குப் போங்கள்.

4. என்னைக் கேட்டால் தீவுக்கு ஏற்றது அலுமினியம். அது இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், சூட்டை நன்றாகக் கடத்தும், இரும்பைப் போல உதிர்ந்து போகாது. யன்னல், கதவு பொருத்தும் அலுமினியக் கடைகளில் வெட்டுத் துண்டுகள் நிறைய மிஞ்சும். நிறைக்கு நிறை பழைய விலையில் கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். அங்கே கிடைக்கும் கோணச் சட்டங்களை மட்டும் வளைக்கப் பார்க்காதீர்கள். யன்னல் சட்டத்துக்கான கலப்பு கடினமாக்கப்பட்டது, கூர்மையாக வளைத்தால் வெடிக்கும்.

5. வளைக்காமலே பெட்டி கட்ட வழி இருக்கிறது. கோணச் சட்டத்தை நாலு துண்டாக வெட்டி நாலு மூலைக்கும் நிறுத்துங்கள். அடிக்கு 2 மில்லிமீற்றர் தகடு, முன்முகத்துக்கு 3, மூடிக்கும் பக்கங்களுக்கும் 1 அல்லது 1.5 போதும். தகடுகளைக் கோணத்தோடு எம்3 ஸ்குருவால் இறுக்குங்கள். கோணத்தில் 2.5 மில்லிமீற்றர் துளையிட்டு மரை வெட்டினால் நட் தேவைப்படாது. தகட்டில் 3.2 மில்லிமீற்றர் துளை. மெல்லிய தகட்டில் மரை நிற்காது, அங்கே நட்டைத்தான் நம்ப வேண்டும். இப்படிக் கட்டிய பெட்டியின் பெரிய நன்மை, எந்தப் பக்கத்தையும் தனியாகக் கழற்றலாம். ஒரு முகம் கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

6. வளைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மெல்லிய, மிருதுவான தகட்டை எடுத்து, இரண்டு கோண இரும்புக்கு நடுவே வளைவுக் கோட்டைச் சரியாக வைத்து, வைஸில் இறுக்குங்கள். சுத்தியலால் நேரே அடிக்க வேண்டாம். தகட்டின் நீளத்துக்கு ஒரு மரக்கட்டையை வைத்து அதன் மேல் அடியுங்கள். ஒரு முனையை முழுதாக மடக்கிவிட்டு மறுமுனைக்குப் போனால் தகடு திருகிவிடும். ஆகவே முழு நீளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகவே படியட்டும்.

7. துளை போடுவதற்கு முன் எல்லாப் பாகங்களையும் வெறும் மேசையில் பரப்பி ஓட விட்டுப் பாருங்கள். ரான்ஸ்போமர் இருந்தால் இது மிக முக்கியம். ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு, வயர் எட்டும் வரை ரான்ஸ்போமரைத் தள்ளியும் திருப்பியும் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று குறையும். அந்த இடத்தையும் கோணத்தையும் பென்சிலால் குறித்துவிட்டுத்தான் துளை. அலுமினியத் தகடு 50 ஹேர்ட்ஸ் காந்தப் புலத்தைத் தடுக்காது என்பதால், வொலியூம் கொன்றோலுக்கும் ரான்ஸ்போமருக்கும் இடையில் ஒரு இரும்புத் தகட்டை நிறுத்துவது உதவும்.

8. அளவைத் தகட்டில் நேரே கீறுவதை விடப் பெட்டிக் கணக்குக் கடதாசியில் வரைந்து பசையால் ஒட்டுங்கள். மையங்களைச் சென்ரர் பஞ்சால் குத்திய பிறகு துளையிடுங்கள். தகட்டின் அடியில் கட்டாயம் ஒரு பலகை இருக்க வேண்டும். மெல்லிய தகட்டில் பெரிய ட்ரில் அலகு சிக்கி, துளை முக்கோணமாகப் போகும், தகடும் கையை விட்டுச் சுழன்று வெட்டும். பலகையோடு சேர்த்துக் கிளாம்பால் பிடித்துவிடுங்கள். 3 மில்லிமீற்றரில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள், படி வைத்த ட்ரில் அலகு இருந்தால் இன்னும் நல்லது. அலுமினியத்துக்கு இரண்டு துளி மண்ணெண்ணெய் விட்டால் சுருள் அலகில் ஒட்டாது. சாரம் கட்டிக்கொண்டு இந்த வேலைக்கு இருக்க வேண்டாம், காற்சட்டை போடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடியும் போடுங்கள்.

9. வொலியூம் கொன்றோலின் கழுத்துக்கு 7 மில்லிமீற்றர், சின்ன எல்ஈடிக்கு 5, சின்ன சுவிச்சுக்கு 6. மற்ற எல்லாவற்றுக்கும் கையில் இருக்கும் பாகத்தை வேர்னியரால் அளந்து போடுங்கள், ஒரே பெயரில் வெவ்வேறு அளவில் வருகிறது.

10. சதுரத் துளைக்கு உள்ளே சுற்றிவரச் சிறு துளைகள் இட்டு, நடுத்துண்டைத் தட்டி எடுத்து, அரத்தால் கோட்டுக்கு வாருங்கள். இரும்பை அராவிய அரத்தை அலுமினியத்தில் வைக்காதீர்கள். பல்லில் இருக்கும் இரும்புத் தூள் அலுமினியத்தில் குத்தி நின்று, சோளகம் தொடங்கியதும் தேமல் தேமலாகத் துருப்பிடிக்கும். கம்பிப் பஞ்சால் தேய்த்தாலும் இதே கதைதான்.

11. சிப்பைப் பெட்டிச் சுவரிலேயே பூட்டி, சுவரை வெப்பம் வாங்கியாக்கலாம். ஆனால் டிடிஏ2030இன் உலோக முதுகு அதன் மறைப் பக்க இணைப்போடு உள்ளே சேர்ந்திருக்கிறது. எல்எம்1875உம் அப்படியே. இரட்டைச் சப்ளையில் ஓடினால் முதுகு பெட்டியில் பட்டவுடனே எல்லாம் புகையும். ஒற்றைச் சப்ளையில் அந்த ஆபத்து இல்லை, இருந்தாலும் கிறவுண்ட் இரண்டு இடத்தில் பெட்டியைத் தொட்டு இரைச்சல் வரலாம். மைக்காத் தாளோ சிலிக்கன் தாளோ வைத்து, ஸ்குருவுக்கு நைலோன் வளையம் போட்டு, இரண்டு பக்கமும் வெப்பப் பசை மெல்லியதாகத் தடவுங்கள். இறுக்கிய பிறகு மீற்றரில் முதுகுக்கும் பெட்டிக்கும் தொடர்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். பெயின்ற் பூசிய இடத்தில் சிப்பைப் பூட்ட வேண்டாம், உலோகம் வெறுமையாகவும் மட்டமாகவும் இருக்கட்டும்.

12. வளைய வடிவ ரான்ஸ்போமரை நடுவில் ஒரு நீள போல்ற்றால் பூட்டுவார்கள். அந்த போல்ற்றின் மேல் முனை மூடியில் தொடக் கூடாது. தொட்டால் போல்ற், மூடி, சுவர், அடித்தகடு எல்லாம் சேர்ந்து ரான்ஸ்போமரைச் சுற்றி ஒரு சுற்றுக் கம்பியாகி, பெரும் மின்னோட்டம் ஓடி, ரான்ஸ்போமர் வெந்துவிடும். மூடியை அழுத்தினாலும் படாத அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

13. 230 வோல்ற் உள்ளே வரும் பெட்டியானால் எர்த் இல்லாமல் ஒரு நிமிடமும் ஓட்டாதீர்கள். இதில் மலிவு பார்க்க இடமில்லை. பிளக்கிலிருந்து வரும் பச்சை மஞ்சள் வயருக்குப் பெட்டியில் தனியாக ஒரு போல்ற் வேண்டும், வேறெதையும் பிடிக்கும் போல்ற்றில் அதைச் சேர்க்க வேண்டாம். அந்த இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி வெறும் உலோகத்தைக் காட்டுங்கள். பழைய பெட்டியின் அலுமினியம் நிறமேற்றியதாக இருந்தால் அந்த மேல்பூச்சும் மின்சாரத்தைக் கடத்தாது, அதையும் சுரண்ட வேண்டும். வளைய லக், பல்லுள்ள வாசர், நட், மேலே இன்னொரு பூட்டு நட். இறுக்கி முடித்த பின் மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் உப்பு உள்ளே போகாது. பிளக்கின் எர்த் முனைக்கும் மூடி உட்பட ஒவ்வொரு தகட்டுக்கும் மீற்றர் கிட்டத்தட்டப் பூச்சியம் ஓம் காட்ட வேண்டும். மூடி பெயின்ற்றால் தனித்து நின்றால் அதற்கு ஒரு துண்டு வயர் போட்டு இணையுங்கள்.

மண்கும்பானுக்கு இதில் ஒரு தனிக் கவனம் தேவை. காய்ந்த மணல் மின்சாரத்தை நிலத்துக்கு நன்றாக விடாது. வெயில் காலத்தில் மணலில் இறக்கிய எர்த் கம்பி பெயரளவுக்குத்தான் நிற்கும். எனவே வீட்டில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அமத்தினால் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்குங்கள். உயிர் வயரில் பியூஸ் கட்டாயம். இணைப்பில் சிறு சந்தேகம் இருந்தாலும் மின்வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டே பிளக்கைச் சொருகுங்கள்.

14. அலுமினியப் பெட்டிக்குப் பித்தளை ஸ்குரு அழகாக இருக்கும், ஆனால் வேண்டாம். உப்பு ஈரத்தில் பித்தளை பக்கத்திலிருக்கும் அலுமினியத்தைத் தின்னும், ஸ்குருவைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பும். நாகம் பூசிய ஸ்குருதான் பொருத்தம். துருப்பிடிக்காத எஃகு ஸ்குருவே கையில் இருந்தால் கழுத்துக்கு நைலோன் வாசர் போட்டு, மரையில் கிறீஸ் தொட்டு இறுக்குங்கள்.

15. இனிக் கழுவுவது. பெயின்ற் வேலையில் பலர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும் இந்தப் பகுதிதான் எங்கள் ஊரில் மிகப் பெரியது. தகட்டில் உப்பு ஒட்டியிருக்க அதன் மேல் பெயின்ற் அடித்தால், அந்த உப்பு பெயின்ற்றுக்கு வெளியிலிருந்து ஈரத்தை இழுத்துத் தன்னிடம் சேர்க்கும். சில மாதத்தில் அம்மை போட்டது போல் கொப்புளம் எழும்பும். மேலே எவ்வளவு விலை கூடிய பெயின்ற் இருந்தாலும் இதற்கு மருந்தில்லை.

முதலில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் எண்ணெயும் கைப்பிசுக்கும் போகக் கழுவுங்கள். பிறகு தண்ணீர். எந்தத் தண்ணீர் என்பது கேள்வி. தீவகத்தில் உவர்க் கிணறுகள் பல, அந்தத் தண்ணீரில் அலசினால் உப்பைக் கழற்றி உப்பைப் பூசியது போலாகும். மணல் மேட்டின் கீழே மழை நீர் தங்கி நிற்பதால் மண்கும்பான், சாட்டிப் பக்கத்துக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உண்டு. அது எட்டாதவர்கள் பீலியில் பிடித்த மழைத்தண்ணீரை எடுங்கள். கடைசி அலசலுக்குப் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் ஒரு போத்தல் போதும். கடைக்காரரிடம் தண்ணீர் என்று தெளிவாகக் கேளுங்கள், அமிலப் போத்தலும் அதே தட்டில்தான் இருக்கும். அலசிய பின் தகட்டைக் கையால் தொடாதீர்கள், வியர்வையிலும் உப்பு இருக்கிறது. ஓரத்தைச் சுத்தமான சீலையால் பிடித்து, வெயிலில் காயவிட்டு, அன்றைக்கே முதல் பூச்சைக் கொடுத்துவிடுங்கள். இரவு வெளியே கிடந்தால் திரும்பக் கழுவ வேண்டியதுதான்.

16. பெயின்ற் வேண்டாம், உலோகத்தின் நிறமே அழகு என்று நினைத்தால் முன்முகத்துக்கு ஒரே திசைக் கோடு போடலாம். நேரான மரச்சட்டத்தில் 240 இலக்க அரத்தாளைச் சுற்றி, தகட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பாக இழுங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, திரும்பி வரவும் கூடாது. பிறகு 320, 400 என்று மென்மையாக்குங்கள். பக்கத்தில் ஒரு கட்டையை வழிகாட்டியாகப் பொருத்தினால் கோடு சாயாது. தெளிந்த லாக்கர் அடிக்காமல் விட்டால் எங்கள் காற்றில் விரைவில் மங்கிப் புள்ளி விழும்.

17. அலுமினியத்திலும் நாகத்திலும் சாதாரணப் பெயின்ற் பிடிக்காது, நகத்தால் சுரண்டத் தோலாக உரிந்து வரும். 400 இலக்கத் தாளால் மினுக்கம் போகத் தேய்த்து, வாகனப் பெயின்ற் கடையில் கிடைக்கும் எச் பிறைமரை மெல்லியதாக அடியுங்கள். புது நாகத்தகட்டை முதலில் வினாகிரியால் துடைத்து நன்றாக அலசினால் பிடிமானம் கூடும். வெறும் இரும்புக்கு வழக்கமான றெட் ஒக்சைட் பிறைமரே போதும். துரு இருந்தால் பளிச்சென்ற உலோகம் தெரியும் வரை சுரண்டுங்கள்.

18. எப்போது அடிப்பது? மாரி மாதங்களில் வேண்டவே வேண்டாம். தை, மாசியில் விடிகாலைப் பனி தகட்டில் படியும். சோளகம் வந்தால் முற்றத்து மணல் எல்லாம் பெயின்ற்றில் வந்து உட்காரும். எனக்குப் பிடித்த காலம் பங்குனி, சித்திரை. நேரம், காலையில் பனி காய்ந்த பின், கடற்காற்று எழும்புவதற்கு முன். காற்றில் ஈரம் கூடிய நேரம் லாக்கர் அடித்தால் மேலே பால் படிந்தது போல வெளுத்துப் போகும்.

இடம், காற்றோட்டமுள்ள விறாந்தையின் காற்றுப்படாத மூலை. குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய காட்போட் பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி, உள்ளே கம்பியில் தகட்டைத் தொங்க விடுங்கள். சுற்றியுள்ள மணலிலும் சீமெந்துத் தரையிலும் தண்ணீர் தெளித்தால் தூசி எழும்பாது. ஸ்பிறே பெயின்ற் ரின்னைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் வைத்து, நன்றாகக் குலுக்குங்கள். கொதிநீரிலோ அடுப்பிலோ வைத்தால் வெடிக்கும். 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து, தகட்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீசி அடியுங்கள். முதல் பூச்சில் உலோகம் தெரிந்துகொண்டே இருக்கும், பரவாயில்லை. 10, 15 நிமிட இடைவெளியில் மூன்று நாலு மெல்லிய பூச்சு. ஒரே பூச்சில் மூட நினைத்தால் வழியும். வெட்டிய ஓரங்களில் பெயின்ற் தானாக மெலிந்து நிற்கும் என்பதால் ஓரத்துக்கு ஒரு வீச்சு கூடுதலாகக் கொடுங்கள். வாய், மூக்கை மூடிக்கொள்ளுங்கள், குசினி அடுப்புக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டாம். தொட்டால் காய்ந்தது போலிருக்கும் பெயின்ற் உள்ளே இன்னும் பச்சைதான். ஒரு கிழமை வெயில் படும் அறையில் வைத்த பிறகே நட்டை இறுக்குங்கள்.

19. எழுத்துக்கு ஆட்டோக்களுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையை நாடுங்கள். வேண்டிய சொற்களைச் சின்ன அளவில் வெட்டித் தருவார்கள். எழுத்தை நேரே ஒட்டி மேலே லாக்கர் அடிக்கலாம். இன்னும் நிலைக்க வேண்டுமானால் முதலில் வெள்ளை அடித்து, எழுத்தை ஒட்டி, மேலே கறுப்பு அடித்து, பெயின்ற் முழுதாகக் காய்வதற்கு முன் எழுத்தை உரித்தெடுங்கள். வெள்ளை எழுத்து பெயின்ற்றாகவே நிற்கும், உரியாது. ஒலி, இடம், வலம், உள்ளே, வெளியே என்று தமிழிலேயே போடுங்கள். வீட்டில் அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் கேட்டுக் கேட்டுத் திருப்பத் தேவையில்லை.

20. இரண்டு பக்கத்துக்கும் மரம் வைத்தால் பெட்டி வீட்டுப் பொருளாகிவிடும். எங்களிடம் பனையை விடச் சிறந்த மரம் இதற்கு இல்லை. கறுப்பு நார் ஓடும் வைரம் பிடித்த பனங்கட்டையை மினுக்கினால் எந்தக் கடைச் சாமானும் பக்கத்தில் நிற்காது. இதற்காக நிற்கிற பனையைத் தொட வேண்டாம், அதற்கு அனுமதியும் வேண்டும். இடிந்த வீட்டுக் கூரையின் பழைய வளை, சலாகை ஒரு முழத் துண்டு போதும். பழைய ஆணிகளைத் தேடிப் பிடுங்கிய பிறகே வாளை வையுங்கள். பனைநார் பிளக்கும் என்பதால் ஸ்குருவுக்கு முன்துளை கட்டாயம்.

21. புளூடூத் போர்ட்டை மூடிய உலோகப் பெட்டிக்குள் வைத்தால் பக்கத்து அறையிலிருந்தே தொடர்பு அறுந்துபோகும். போர்ட்டின் அன்ரனா முனையை மரப் பக்கத்துக்கு அருகே கொண்டுவாருங்கள், அல்லது பின்பக்கம் ஒரு சதுரம் வெட்டிப் பிளாஸ்ரிக்கால் மூடுங்கள். திருச்சி வானொலி கேட்கிற மத்திய அலை றேடியோவானால் பெரைற் கம்பி கட்டாயம் உலோகத்துக்கு வெளியே.

22. காற்றுத் துளையை அடியிலும் பின்பக்கத்தின் மேல் ஓரத்திலும் வையுங்கள். சூடு ஏறி மேலால் போக, கீழால் குளிர்ந்த காற்று வரும். மூடியின் நடுவில் துளை வேண்டாம், கூரை ஒழுகும் நாளில் தண்ணீர் நேரே போர்ட்டில் விழும். துளைகளுக்கு உள்ளே நுளம்பு வலையை ஒட்டுங்கள். சூடான இடத்தைத் தேடிப் பல்லி உள்ளே போய் இரண்டு கம்பிக்கு நடுவே படுத்தால் அம்பிளிபயரும் போகும். காலுக்குத் தேய்ந்த பாட்டா செருப்பை வட்டமாக வெட்டி ஸ்குருவால் பூட்டினால், அடித்துளைக்குக் காற்றும் கிடைக்கும், மேசையும் கீறாது.

23. ஆனி மாத நயினாதீவுத் திருவிழாவுக்கோ நெடுந்தீவுக்கோ பெட்டியைக் கொண்டுபோகிறவர்கள் குறிகட்டுவானில் படகேறுவதற்கு முன்பே அதைத் தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டுங்கள். அந்த மாதத்துக் காற்றில் தெறிக்கும் கடல்நீர் காற்றுத் துளை வழியாக உள்ளே போகும். வீடு திரும்பியதும் மூடியைக் கழற்றி, வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சீலையால் துடையுங்கள். கடல்நீர் உள்ளே போயிருந்தால் காயட்டும் என்று விடக் கூடாது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு நிற்கும். பற்றரியையோ பிளக்கையோ கழற்றிவிட்டு, போர்ட்டை வடித்த தண்ணீரால் அலசி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்திய பிறகே திரும்பப் போடுங்கள்.

24. மாரி தொடங்குவதற்கு முன், புரட்டாதியில் ஒருமுறை பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எர்த் போல்ற் இறுகியிருக்கிறதா, ஸ்குருவைச் சுற்றி வெள்ளைப் பொடி இருக்கிறதா, வலையில் தூசி அடைத்திருக்கிறதா. பெயின்ற்றில் ஒரு கொப்புளம் கண்டால் அன்றைக்கே சுரண்டி, கழுவி, பிறைமர் தொட்டு மூடுங்கள். மூடியின் உட்பக்கத்தில் சேர்க்கிற் படத்தையும், எந்த வோல்ற்றில் ஓடுகிறது, எந்தப் பியூஸ் போட்டது, எந்த ஆண்டு செய்தது என்பவற்றையும் எழுதி, பொலித்தீன் உறையில் இட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் உங்கள் மகளாகவோ பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவோ இருக்கலாம்.